பளிங்கு: ஒரு சொல்லின் வரலாறு

கல்வராயன் மலையில் பெய்த மழை வடிந்து, கலங்கல் அடங்கி, ஓடைகளில் நீர் தெளிந்து ஓடும் நாட்களில், வடக்கனந்தல் வட்டாரத்துப் பெரியவர்கள், "தண்ணி பளிங்காட்டம் ஓடுது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அடியில் கிடக்கும் கூழாங்கல்லும், கல்லிடுக்கில் ஒதுங்கும் சிறுமீனும் தெரியும்படி ஓடும் நீருக்கு அவர்கள் தரும் சான்றிதழ் அது. அதே வீட்டில் கல்லூரியில் பயிலும் பேரனை அழைத்து, பளிங்கு என்றால் என்ன என்று கேட்டால், மார்பிள் என்று தயங்காமல் விடை சொல்வான். பாட்டியின் பளிங்கு தன்னுள் எதையும் ஒளிக்காதது. பேரனின் பளிங்கோ தன்னுள் எதையும் காட்டாதது. ஒரு கூரையின் கீழே, ஒரே சொல், ஒன்றுக்கொன்று மாறான இரு பொருள்களில் வழங்குகிறது.

சொற்கள் பொருள் மாறுவது மொழியின் இயல்பே. 'நாற்றம்' நறுமணத்தைக் குறித்த காலம் ஒன்று உண்டு. அதனை அறிந்த மாணவன் பழைய பாடலில் நாற்றம் என்று கண்டால் முகஞ்சுளிப்பதில்லை. ஆனால் பளிங்கின் நிலை வேறு. அதன் பொருள் மாறிவிட்டது என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்த சொல் என்றெண்ணிப் படிக்கிறோம். தெரியாத பொருளைத் தவறவிடுகிறோம். அவ்வாறு தவறவிட்டவர்களுள் இக்கட்டுரையை எழுதுகின்றவளும் ஒருத்தி. அதனைப் பின்னர்க் கூறுவேன். முதலில் சொல்லின் வரலாற்றைக் காண்போம்.

சொல்லின் பிறப்பு

'பளிங்கு' என்பதன் மூலம் பற்றி அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. பளபளத்தல், பளிச்சிடுதல் முதலிய சொற்களோடு இணைத்து, ஒளியைக் குறிக்கும் தமிழ் வேரிலிருந்து பிறந்தது என்பார் ஒருசாரார். வடமொழியின் 'ஸ்படிகம்' என்பதே பிராகிருத வழக்கின் வாயிலாகத் தமிழில் இவ்வடிவம் பெற்றது என்பார் மற்றொரு சாரார். பாலி மொழியில் அச்சொல் 'பளிக' என்னும் ஒலியை ஒட்டி வழங்குவதும், சிங்களத்தில் இன்றும் 'பளிங்கு' என்றே படிகக்கல் சுட்டப்படுவதும் இரண்டாம் கருத்துக்கு வலிமை சேர்க்கின்றன. என் கருத்தும் அதுவே. அவ்வாறாயின் பளிங்கு, படிகம், ஸ்படிகம் ஆகிய மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவள் முற்காலத்திலேயே தமிழ்க்குடியில் வாழ்க்கைப்பட்டு, தமிழச்சியாகவே மாறிவிட்டாள். இளையவள் மாலையாகவும் இலிங்கமாகவும் பூசையறையில் தன் பிறந்தகத்துப் பெயரோடே இருக்கிறாள்.

மூத்தவள் தமிழச்சியாகிவிட்டதற்கு இலக்கணமே சான்று. குரங்கு என்பது 'குரக்குக்கை' என்றும், கரும்பு என்பது 'கருப்பஞ்சாறு' என்றும், இரும்பு என்பது 'இருப்புப்பாதை' என்றும் தொடரும்போது மெல்லெழுத்து வல்லெழுத்தாவதை நாம் அறிவோம். மென்றொடர்க் குற்றியலுகரச் சொற்கள் சிலவற்றுக்குத் தமிழ் வகுத்துள்ள நெறி அது. பளிங்கும் அந்நெறியிலேயே நடந்து, 'பளிக்கறை' என்றாகிறது. வந்த வீட்டின் வழக்கத்தை ஏற்று நடப்பவளை வேற்றாள் என்று எவரும் சொல்லமாட்டார். ஒரு சொல் எங்குப் பிறந்தது என்பதைவிட, எங்கு வேரூன்றித் தழைத்தது என்பதே இலக்கிய மாணவர்க்கு முதன்மையானது.

அண்டை மொழிகளையும் நோக்குவோம். மலையாளத்தில் 'பளுங்கு' என்பது இன்றும் தெளிந்த படிகத்தையே குறிக்கிறது. தெலுங்கில் வெண்ணிறக் குவார்ட்சுக் கல்லைப் 'பலுகுராயி' என்கின்றனர். நம் பகுதியில் கொல்லைகளிலும் ஓடைகளிலும் கிடக்கும் வெள்ளைக் கல்லை வெங்கச்சங்கல் என்கிறோமே, அவ்வினக் கல்தான் அது. அக்கல்லினத்தில் மாசு மறுவின்றி, ஒளி ஊடுருவும்படி அமைந்ததே பழந்தமிழர் போற்றிய பளிங்கு. சுற்றியுள்ள மொழிகளெல்லாம் கல்லின் பழம்பொருளைக் காத்து வைத்திருக்க, எழுத்துத் தமிழ் மட்டும் அதனை நழுவவிட்டது வியப்பே.

சுனையும் பளிங்கும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மலைச்சுனை ஒன்றைக் காட்டுகிறார். தலைவியும் தோழியும் தினைப்புனம் காத்தபின் நீராடும் சுனை அது. அதன் நீருக்கு அவர் கண்ட உவமை, பளிங்கினைச் சொரிந்து வைத்தது போன்றது என்பதாகும். இவ்வுவமையைச் சலவைக்கல் என்று பொருள்கொண்டு படித்துப் பாருங்கள். வெண்மையான, ஒளிபுகாத கல்லைக் கொட்டினாற்போன்ற நீர் என்றாகும். அது சுண்ணாம்பு கரைத்த நீராகுமேயன்றிச் சுனைநீராகாது. படிகம் என்று கொண்டாலே சுனையின் ஆழம் கண்ணுக்குப் புலனாகிறது. கபிலர் நம் வட்டாரத்துக்கு அயலார் அல்லர். பாரி மாய்ந்தபின் அவர் வந்து உயிர்நீத்த இடமாகப் பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று திருக்கோவலூரில் நிற்கிறது. அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டும் கபிலரை நினைவுகூர்கிறது. கல்வராயன் மலையில் மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் கண்டவர்க்குக் கபிலரின் உவமைக்கு உரை வேண்டுவதில்லை.

நீரையும் படிகத்தையும் ஒன்றாகக் காணும் இவ்வுணர்வு உலகம் முழுதும் உண்டு. கிரேக்க மொழியில் பனிக்கட்டியைக் குறித்த சொல்லே பின்னர்ப் படிகத்துக்கும் பெயராயிற்று. கடுங்குளிரில் இறுகி, மீண்டும் உருகாத பனிக்கட்டியே படிகம் என்று கி.பி. முதல் நூற்றாண்டு உரோம அறிஞர் பிளினி எழுதி வைத்தார். மகாபாரதத்தில் மயன் சமைத்த மண்டபத்தில் படிகத் தரையைத் தண்ணீர் என்று எண்ணித் துரியோதனன் ஆடையைத் தூக்கிக்கொள்கிறான். திருக்குர்ஆனில் சபா நாட்டு அரசி, சுலைமான் நபியின் மாளிகைத் தளத்தை நீர் என்று எண்ணுகிறாள். விவிலியத்தின் இறுதி நூலில் வாழ்வளிக்கும் ஆற்றின் தெளிவுக்குப் படிகமே உவமையாகிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்நூலைத் தமிழாக்கியோர் அவ்விடத்தில் பளிங்கு என்ற சொல்லையே ஆண்டனர். அதே நூலின் மற்றோரிடத்தில் கண்ணாடியையும் பளிங்கையும் வெவ்வேறு பொருள்களாக வைத்து, ஒன்றை மற்றொன்றுக்கு ஒப்பிட்டுள்ளனர். ஆகவே பளிங்கு தன் பழம்பொருளை இழந்தது அண்மைக்காலத்தில்தான் என்பது தெளிவாகிறது.

பளிக்கறை

மணிமேகலைக் காப்பியத்தின் நான்காம் காதைக்குப் 'பளிக்கறை புக்க காதை' என்று பெயர். மலர் கொய்ய உவவனம் சென்ற மணிமேகலையைத் தேடி இளவரசன் உதயகுமரன் தேரேறி வருகிறான். தோழி சுதமதி அவளை அங்கிருந்த பளிக்கறைக்குள் புகுத்திக் காக்கிறாள். அவ்வறையின் இயல்பை முந்தைய காதையிலேயே சாத்தனார் சொல்லி வைக்கிறார். உள்ளிருப்போர் உருவம் வெளியே தெரியும். குரல் வெளியே செல்லாது. உதயகுமரன் அவளைக் காண்கிறான், அடைய முடியவில்லை.

கதைக்கு இந்த அறை எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். மணிமேகலையை மறைக்கவேண்டுமானால் ஒரு கல்லறையோ இருட்டறையோ போதும். மறைப்பது புலவர் நோக்கமன்று. காணக் கிடைப்பது எல்லாம் கொள்ளக் கிடைப்பதன்று என்பதை அரசகுமரனுக்கு உணர்த்துவதே நோக்கம். கண்ணுக்கும் கைக்கும் இடையே ஒரு மெல்லிய தெளிவு நிற்கிறது. அதனைக் கடக்க ஆணைக்கும் செல்வத்துக்கும் ஆற்றலில்லை. துறவை நோக்கி அடியெடுத்து வைக்கும் பெண்ணுக்கு முதல் அரணாக வாய்த்தது ஒளிபுகும் சுவர். இந்த அறையை மார்பிள் மண்டபம் என்று விளக்கும் கதைச்சுருக்கங்களைக் கண்டிருக்கிறேன். அவ்விளக்கத்தின்படி உதயகுமரன் அவளைக் கண்டிருக்கவே இயலாது, காதையே நின்றுவிடும்.

இங்கு ஒன்றை இடைப்பிறவரலாகச் சொல்லத் தோன்றுகிறது. மணிபல்லவத்தில் அமுதசுரபி தோன்றும் பொய்கைக்குச் சாத்தனார் சொல்லும் பெயர் கோமுகி. நம் மலையிலிருந்து இறங்கி நம் வயல்களை நனைக்கும் ஆற்றின் பெயரும் கோமுகி. இது பெயர் ஒற்றுமையே; இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. எனினும் மணிமேகலையைப் பாடம் நடத்தும் போதெல்லாம் என் வகுப்பில் இந்தப் பெயர் வந்ததும் பின்வரிசை மாணவரும் நிமிர்ந்து உட்காருவர்.

முகமும் பளிங்கும்

இச்சொல்லின் உயிர்நிலை திருக்குறளில் இருக்கிறது. பொருட்பாலின் 71ஆம் அதிகாரம் குறிப்பறிதல். அதில் 706ஆம் குறள், தன்னை அடுத்ததைக் காட்டும் பளிங்கைப் போல, உள்ளத்தில் மிகுந்ததை முகம் காட்டும் என்கிறது. இதற்கு இக்காலத்தில் வந்த எளிய உரைகள் சில, பளிங்கு என்பதைக் கண்ணாடி என்றே கொள்கின்றன. எதிரிலுள்ளதைக் கண்ணாடி காட்டுவது போல, மனத்திலுள்ளதை முகம் காட்டும் என்பது அவற்றின் கருத்து. 1886இல் குறளை ஆங்கிலமாக்கிய போப் ஐயரும் கல்லின் பெயரைப் படிகம் என்றே வைத்துக்கொண்டு, உருவம் பிரதிபலிப்பதாகவே பாடினார். படித்தவுடன் பொருந்துவது போலத்தான் தோன்றுகிறது.

பரிமேலழகர் உரையோ வேறொன்று சொல்கிறது. தன்னை அடுத்துள்ள பொருளின் நிறத்தைத் தானே ஏற்றுக்கொண்டு காட்டும் பளிங்கு என்பது அவர் கொண்ட பொருள். 'அடுத்தது' என்னும் சொல் பொருளைச் சுட்டுவதுபோல நின்று அதன் நிறத்தைக் குறிக்கிறது, ஆகவே அது ஆகுபெயர் என்றும் குறித்துச் செல்கிறார். உருவத்துக்கும் நிறத்துக்கும் இடையே உள்ள இவ்வேறுபாடு சிறிதன்று.

கண்ணாடி காட்டுவது எதிரே உள்ளதை. வள்ளுவர் ஆண்ட சொல்லோ 'அடுத்தது'. எதிரே நிற்பதும் அடுத்து நிற்பதும் ஒன்றல்ல. மேலும், முகம் பார்க்கும் ஆடி என்னும் சொல் புலவர்களுக்குத் தெரியாததன்று. குறுந்தொகையின் 8ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் ஆடியில் தோன்றும் பாவையை உவமையாக்கியிருக்கிறார். மற்றவர் கையைத் தூக்கினால் தானும் தூக்கி, காலைத் தூக்கினால் தானும் தூக்கும் நிழலுருவம் அது. அவ்வாறு ஆடி என்னும் சொல் வழக்கில் இருந்தும், வள்ளுவர் பளிங்கைத் தேர்ந்துகொண்டார் என்றால் அதற்குக் காரணம் இருக்கவேண்டும்.

காரணம் முகத்திலேயே இருக்கிறது. சினம் கொண்டவன் முகத்தில் சினத்தின் உருவம் தெரிவதில்லை. முகம் சிவக்கிறது. துயரில் முகம் கறுக்கிறது. அச்சத்தில் முகம் வெளுக்கிறது. தமிழன் உள்ளத்து உணர்ச்சிகளை முகத்தின்மேல் ஏற்றிச் சொல்லும் வழக்குகள் பலவும் நிறச்சொற்களாகவே இருப்பதை நோக்குக. பளிங்கின் அருகே செம்மலரை வைத்தால் பளிங்குக்குள் மலரின் வடிவம் தெளிவாகத் தெரியாது. பளிங்கு முழுதும் செம்மை பரவும். மலரை எடுத்துவிட்டால் பளிங்கு பழையபடி தெளியும். நெஞ்சை அடுத்திருக்கும் முகமும் அத்தகையதே. கண்ணாடி தன்மேல் விழுந்ததைத் திருப்பி அனுப்புகிறது. பளிங்கு ஏற்றுக்கொண்டு தானே அதுவாகிறது. வள்ளுவர் கண்டது அந்த ஏற்பை. கண்ணாடி என்று உரை எழுதும்போது உவமை நின்றுவிடுகிறது, உயிர் போய்விடுகிறது.

இக்கருத்தைச் சைவ சித்தாந்தம் இன்னும் ஆழமாகக் கொண்டு சென்றது. நம் அண்டை ஊராகிய திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞானபோதத்தில், அருகிலுள்ள நிறங்களையெல்லாம் ஏற்றுக் காட்டும் படிகத்தை உவமையாக எடுத்தாளுகிறார். உயிர் எதனைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே நிற்கும் என்னும் கொள்கையைச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்பர் சித்தாந்திகள். வண்ணம் என்ற சொல்லே அங்கும் வருகிறது. சிதம்பரத்தில் நாள்தோறும் திருமுழுக்குப் பெறும் படிக இலிங்கத்தைக் கண்டவர்க்கு இவ்வுவமையின் இயல்பு எளிதில் விளங்கும்.

ஒரு விடைத்தாள்

இனி, முன்னர் ஒத்திவைத்த செய்திக்கு வருகிறேன். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில், உள்தேர்வில் மேற்சொன்ன குறளுக்கு விளக்கம் கேட்டிருந்தேன். கல்வராயன் மலையின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி எழுதியதன் கருத்து இது: பளிங்கு என்பது தங்கள் ஊர் ஓடையில் எப்போதாவது கிடைக்கும் தெளிந்த கல். அதனை இலைமேல் வைத்தால் பச்சையாக இருக்கும். செம்மண்மேல் வைத்தால் சிவப்பாக இருக்கும். கோபப்படுகிறவர் முகமும் அப்படித்தான்.

நான் அதன்மேல் சிவப்பு மையால் கோடிட்டு, "பளிங்கு - கண்ணாடி. உரையைப் படிக்கவும்" என்று எழுதி, பாதி மதிப்பெண் கொடுத்தேன். அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆசிரியர் எழுதியதை எதிர்த்துக் கேட்கும் பழக்கம் அம்மாணவிகளுக்கு இல்லை. தன் ஊர்க் கல்லைப் பற்றி அதன்பின் எந்த விடைத்தாளிலும் அவள் எழுதியதுமில்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பழைய உரைகளை முறையாகப் படித்தபோதுதான், பரிமேலழகர் உரை எனக்கு முன்னே நின்றது. நான் படிக்கச் சொன்ன உரையை நானே படித்திருக்கவில்லை. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட உரையாசிரியர் நூலறிவால் சொன்னதை, அவள் இலையையும் மண்ணையும் வைத்துச் சோதித்துச் சொல்லியிருந்தாள். அதற்குள் அவள் படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். திருத்திய மதிப்பெண்ணை அவளிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. இம்மலர் அவள் கைக்கு எட்டுமாயின், விடை அவளுடையதே சரி என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கண்ணாடி வந்த வழி

பளிங்கின் இடத்தில் கண்ணாடி வந்தமர்ந்தது எங்ஙனம் என்பதையும் காணவேண்டும். பழங்காலத்தில் கண்ணாடி என்பது முகம் பார்க்கும் ஆடியையே குறித்தது. அது மெருகேற்றிய உலோகத்தாலானது. கேரளத்தின் ஆரன்முளையில் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாட்கணக்கில் தேய்த்து உருவாக்கும் உலோக ஆடிக்கு இன்றும் 'ஆரன்முளைக் கண்ணாடி' என்றே பெயர். அதில் கண்ணாடிப் பொருள் ஒரு துணுக்கும் இல்லை. பெயர் மட்டும் பழைய பொருளைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் பாதரசம் பூசிய ஆடிகள் வணிகத்தின் வழியே வந்தபோது, ஆடியின் பெயர் அது செய்யப்பட்ட பொருளுக்கே ஏறியது. பிறகு மூக்கின்மேல் அணிவதற்கும் அதுவே பெயராயிற்று. இன்று தமிழில் கண்ணாடி என்னும் ஒரு சொல் ஆடி, சாளரச் சில்லு, மூக்குக்கண்ணாடி என மூன்று பணிகளைச் செய்கிறது. மலையாளத்தார் கண்ணாடி, சில்லு, கண்ணட என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டனர்.

ஆயினும் கண்ணாடிப் பொருளைத் தமிழர் மேலைநாட்டாரிடமிருந்துதான் அறிந்தனர் என்று கருதுவது பிழை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வும் அங்குக் கண்ணாடி மணிகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டதைக் காட்டின. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, மணியாக்கும் நுட்பம் அங்கு வழங்கியது. அம்மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசிய நாடுகளிலும் கிடைத்துள்ளன. கொங்குநாட்டுக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய அகழாய்வுகளில் படிகம், பச்சைக்கல் முதலியவற்றில் மணி செய்த தொழிற்கூடங்கள் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று போற்றப்படும் ஊர் அதுவென்பர். ஆக, உருக்கிச் செய்த கண்ணாடியும் வெட்டித் தீட்டிய பளிங்கும் தமிழகத் தொழிற்கூடங்களில் ஒரு காலத்தில் வழங்கியவையே. இந்தியாவில் படிகத்தை உடைத்து அதிலிருந்து கண்ணாடி செய்கிறார்கள், ஆகவே இந்தியக் கண்ணாடிக்கு ஈடில்லை என்று தாம் கேள்வியுற்றதைப் பிளினி எழுதியிருக்கிறார். செய்முறை பற்றி அவர் கேட்டது எவ்வாறாயினும், இவ்விரு பொருள்களும் உலகின் கண்ணில் எத்துணை நெருங்கியவையாகத் தோன்றின என்பதை அச்செய்தி காட்டுகிறது. நெருங்கிய பொருள்களின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது இயல்பு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் பளிங்குக்குப் படிகம், கண்ணாடி ஆகிய இரு பொருள்களையும் தருகிறது. இம்மட்டில் குற்றமில்லை, இரண்டுமே ஒளிபுகுவன.

சலவைக்கல்லான கதை

குற்றம் நேர்ந்தது அடுத்த படியில். வெண்மையும் பளபளப்பும் உடைய கல்லுக்குப் பெயர் தேவைப்பட்டது. தமிழகத்துப் பழங்கோயில்கள் கருங்கல்லாலானவை. இராசத்தானத்து மக்ரானாவின் வெண்கல் நம் முன்னோர் அன்றாடம் கண்டதன்று. ஆக்ராவின் தாஜ்மகாலை வருணிக்கப் புகுந்த பாடநூல்களும் பயணநூல்களும் அதனைச் சலவைக்கல் என்றும் பளிங்குக்கல் என்றும் எழுதின. இரண்டாவது பெயர் செவிக்கு இனிமையாக இருந்தது. திரைப்பாடல்களும் அதனை ஏற்றன. பின்னர் வீட்டுத்தரைகளுக்கு அக்கல் வந்து சேர்ந்தது. பெயரும் உடன் வந்து, வீட்டிலேயே தங்கிவிட்டது. மறுபுறம் அறிவியல் தமிழ், ஒழுங்குற அமைந்த திண்மங்களைக் குறிக்கப் படிகம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. தங்கை பள்ளிக்கூடம் போனாள். அக்காள் தரையில் கிடந்தாள்.

இவ்விரு கற்களும் பிறப்பிலேயே வேறு. பளிங்கு என்று பழையோர் சொன்ன குவார்ட்சு, மணலின் இனம். சலவைக்கல், சுண்ணாம்புக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறியது. கடினத்தை அளக்கும் மோசு அளவையில் குவார்ட்சுக்கு 7. சாளரக் கண்ணாடிக்குச் சுமார் 5.5, சலவைக்கல்லின் கால்சைட்டுக்கு 3. குவார்ட்சின் கூரிய முனை கண்ணாடியைக் கீறும், சலவைக்கல் கீறாது. எலுமிச்சைச் சாறு பட்டால் சலவைக்கல்லின் மெருகு அரிக்கப்படும், குவார்ட்சு அசையாது. வகுப்பில் இதனைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "எங்க வீட்டுத் தரையில முகம் தெரியுதே, அம்மா?" என்றான். நல்ல கேள்வி. மெருகேற்றினால் கருங்கல்லிலும் முகம் தெரியும். அது மேற்பரப்பின் வேலை. பளிங்கின் பெருமை மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது என்று விடை சொன்னேன்.

நிறைவாக

இதுகாறும் கண்டவற்றால் பளிங்கு என்னும் சொல் மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளமை புலனாகும். முதல் நிலையில் அது ஒளியைத் தன்னூடே விடுவது. சுனைநீரும் பளிக்கறையும் அதற்குச் சான்று. அத்தெளிவின் பயனாகவே அடுத்ததன் நிறத்தை ஏற்பது. குறளும் சித்தாந்தமும் அதற்குச் சான்று. இரண்டாம் நிலையில் கண்ணாடியோடு மயங்கி, உருவத்தைத் திருப்பிக் காட்டுவதாயிற்று. மூன்றாம் நிலையில் சலவைக்கல்லாகி, வெண்மையும் வழுவழுப்பும் மட்டுமே எஞ்சின. தெளிவு என்பது மெல்ல மெல்லப் பளபளப்பாகச் சுருங்கிவிட்டது.

வழக்கில் வேரூன்றிய பொருளை இனி மாற்றுதல் எளிதன்று. மாற்றவேண்டும் என்று நான் வாதிடவுமில்லை. கடையில் பளிங்குக்கல் கேட்பவர் சலவைக்கல்லே கேட்கிறார். அது வாழும் மொழி. ஆனால் வகுப்பறையில், உரைநூலில், இளைஞர் கையில் கொடுக்கும் குறள் பதிப்பில், பளிங்கு என்பதற்குத் தெளிந்த படிகக்கல் என்று ஓர் அடிக்குறிப்பு வேண்டும். அதற்கு ஆகும் இடம் ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாமையால் கபிலரின் சுனை கலங்குகிறது. மணிமேகலையின் அறை இருள்கிறது. வள்ளுவரின் முகம் நிறமிழக்கிறது.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விழைகிறேன். நம் மலையடிவாரத்து ஊர்களிலும் மலைமேல் வெள்ளிமலை வட்டாரத்து ஊர்களிலும் முதியோர் நாவில் வழங்கும் சொற்களை, அவர்கள் எப்பொருளில், எந்த இடத்தில் சொல்கிறார்களோ அப்படியே எழுதித் தொகுக்க உறுப்பினர்கள் முன்வரவேண்டும். அகராதி தரும் பொருளை அவர்கள்மேல் திணிக்கவேண்டா, திருத்தவும் வேண்டா. சிவப்பு மையை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வது நலம். நூல்களில் நாம் தொலைத்த பொருள் ஓடைக்கரையில் கிடைக்கலாம். அடுத்த மழை ஓய்ந்து கோமுகி தெளியும்போது, ஆற்றில் இறங்கி நிற்கும் பெரியவர் யாரேனும், தண்ணி பளிங்காட்டம் இருக்குது என்று சொல்வார். அவர் சொல்வது கபிலர் கண்ட பளிங்கு. குனிந்து பார்த்தால் நம் பாதம் தெரியும்.